முதுகு வசனம்

ஓட்டை இல்லாத சினிமாக் கதை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஓட்டை தெரியாத கதை உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் குடும்பம் நடத்தி, வீடு கட்டி, பெண்ணுக்குக் கல்யாணமும் செய்துவைத்தவன் நான்.

என் பெயர் ஏகாம்பரம். கோடம்பாக்கத்தில் 'முதுகு' ஏகாம்பரம் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். படமெடுத்து முடித்து, வெட்டி ஒட்டிப் போட்டுப் பார்க்கும்போது மூலையிலிருந்து ஒரு குரல் வரும். "அண்ணே, வில்லன் அந்தச் சாவியை எப்ப எடுத்தான்?" சாவியை யாரும் எடுக்கவில்லை. மறுபடி ஷூட்டிங் போகலாமென்றால் கதாநாயகன் ஸ்விட்சர்லாந்தில். உடனே எனக்கு போன் வரும். நான் போய்ப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யாராவது கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கிற ஒரு ஷாட்டைப் பிடிப்பேன். முதுகுக்கு உதடு இல்லை. ஆகையால் முதுகு எதை வேண்டுமானாலும் பேசும். 'சாவியை அன்னைக்கே எடுத்துட்டேன்டா' என்று டப்பிங்கில் ஒரு வரி. ஓட்டை அடைபட்டது. இதற்குத்தான் முதுகு வசனம் என்று பெயர்.

ஒரு படத்தில் கதாநாயகிக்கு இடைவேளைக்கு முன்னால் ஒரு அப்பா, பின்னால் வேறு அப்பா. முதல் அப்பா சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாராம். தயாரிப்பாளர் தூக்குக் கயிறு வாங்கக் கிளம்பிவிட்டார். நான் ஒரே ஒரு முதுகைக் கண்டுபிடித்து, 'எங்க வீட்ல சித்தப்பாவையும் அப்பான்னுதான் கூப்பிடுவோம்' என்று போட்டேன். படம் நூறு நாள் ஓடியது. அந்தக் கயிற்றில்தான் வெற்றி விழாத் தோரணம் கட்டினார்கள். இதில் பாதிதான் பொய்.

இப்படி ஊரையே ஏமாற்றிய எனக்கு வீட்டில் வாய்த்தவள் செண்பகவல்லி. நான் தாலி கட்டிக்கொண்டிருக்கும்போதே ஐயரிடம், "முடிச்சு மூணு எதுக்கு? நாலு போட்டா இன்னும் கெட்டியா நிக்காதா?" என்று கேட்டவள். அந்த ஐயர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கத்திரிக்காய்க்காரரிடம் அதன் பூர்வீகத்தை விசாரிக்காமல் வாங்க மாட்டாள். நான் மூன்று நிமிஷம் தாமதமாக வந்தால் மூன்று மணி நேரம் விசாரணை நடக்கும். என் முதுகு வசனங்களெல்லாம் அவளிடம் செல்லுபடி ஆகாது. "முதுகக் காட்டாதீங்க, திரும்பிச் சொல்லுங்க" என்பாள்.

அப்படிப்பட்டவளைத்தான் 'அண்டம் காப்பான்' நான்காம் பாகத்துக்குக் கூட்டிப்போனேன். வடபழனியில், முதல் நாள், நல்ல கூட்டம். ஓய்வு பெற்றபின் எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. தியேட்டரில் விளக்கு அணைந்தால் நானும் அணைந்துவிடுவேன். கதாநாயகன் விண்கலத்திலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டியது வரைக்கும் ஞாபகம். அடுத்து நான் கண் விழித்தபோது ஜனங்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் எனக்கு ஒன்று உறுத்தியது. விஞ்ஞானப் படம் விட்டால் நம் ஊரில் படிக்கட்டு இறங்குவதற்குள் நான்கு பேராவது 'லாஜிக் இடிக்குதே மச்சான்' என்பார்கள். அன்று ஒருவரும் சொல்லவில்லை. ஆயிரம் பேரும் கல்யாணச் சாப்பாடு முடித்தவர்கள் மாதிரி முகத்தோடு இறங்கினார்கள். அதே காட்சி பார்த்துவிட்டு வந்த ஒரு ஆட்டோக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். எங்கே என்று அவர் கேட்கவில்லை. எங்கே போகிறார் என்று செண்பகமும் கேட்கவில்லை. அவள்தான் வழி சொல்லியிருப்பாள் என்று நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். அசோக் நகரில் இறங்க வேண்டிய நாங்கள் தாம்பரத்தில் இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து, "என்னதான் கதை?" என்றேன்.

"கதாநாயகன் சூரியனைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிடுறார். உலகமே இருட்டு. அப்ப அவங்கம்மா மொட்டை மாடியில வத்தல் காயப்போடுறாங்க."

"சூரியன் இல்லாம வத்தல் எப்படி காயும்?"

"காஞ்சுது."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். நாற்பது வருஷமாக நான் ஏங்கிய ரசிகை என் வீட்டுக்குள்ளேயே பிறந்துவிட்டாள்.

முதல் வாரம் சொர்க்கம். காலையில் நடக்கப் போய் மத்தியானம் வந்தேன், கேள்வி இல்லை. ஒரு மசால் தோசையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன், எண்ணெய்க் கறைக்குக்கூடக் கேள்வி இல்லை. நண்பர்களிடமெல்லாம் மார்தட்டினேன்.

அடுத்த வாரம் அவளுடைய முட்டி வலிக்காக மருத்துவமனைக்குப் போனோம். வலி வலது முட்டியில். உள்ளே போய்விட்டு வந்தவள், "வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இடது முட்டியில" என்றாள்.

"வலி வலதுலதானே?"

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்கு இடது?"

"டாக்டர் சொன்னார். சரின்னேன்."

நான் உள்ளே ஓடி அதைத் தடுத்தேன். அந்த டாக்டரும் 'அண்டம் காப்பான்' இரண்டு தடவை பார்த்தவராம். நான் சொன்னதும், "அப்படியா, வலதா, சரி" என்று உடனே மாற்றிக்கொண்டார். காது என்று சொல்லியிருந்தால் காதை அறுத்திருப்பார். இப்போதைக்கு ஆபரேஷனே வேண்டாம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். வயிறு காந்தியது. மத்தியானம் ஆஸ்பத்திரி அலைச்சலில் நான் சாப்பிடவில்லை. அப்போதுதான் உறைத்தது. இரண்டு வாரமாக அவள் என்னைச் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்கவே இல்லை. தட்டு வைத்துவிடுவாள், போட்டதைத் தின்பேன். ஆனால் அந்தக் கேள்வி போய்விட்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்ட அன்றும், அவளுடைய அம்மா செத்த அன்றும்கூட நிற்காமல் வந்துகொண்டிருந்த கேள்வி.

எனக்குச் சட்டென்று ஒரு வைராக்கியம் பிறந்தது. இந்தப் பெண்மணியின் கேள்விகளை யார் எடுத்துக்கொண்டு போனார்களோ, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கிக்கொண்டு வராமல் விடுவதில்லை.

மறுநாள் பூந்தமல்லி தாண்டி இருக்கும் ககனா ஸ்டூடியோவுக்குப் போனேன். 'அண்டம் காப்பான்' அவர்களுடைய படம். அந்த வாசலில் இருக்கும் செக்யூரிட்டி, சிவபெருமானே வந்தாலும் பாம்புக்குத் தனி பாஸ் கேட்பவர். அன்று என்னைப் பார்த்துப் புன்னகைத்துக் கதவைத் திறந்துவிட்டார். வந்த இடம் சரிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நேராக ஞானதீபத்தின் ஒலிக்கலவை அறைக்குப் போனேன். ஞானதீபம் நாசரேத்துக்காரர், சவுண்ட் என்ஜினியர், என்னோடு முப்பது படம் வேலை பார்த்தவர். எனக்குத் தம்பி மாதிரி. பெரிய திரைக்கு முன்னால், நான்காம் பாகம் ஓடும்போதே வெளியிடப்போகிற ஐந்தாம் பாகத்துக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே" என்றார். எப்படி இருக்கீங்க, எங்கே இவ்வளவு தூரம், ஒன்றும் இல்லை.

"தம்பி, நாலாம் பாகத்துல எதையாவது கலந்தியா?"

"கலந்தேண்ணே. 'சம்மதம்'னு பேரு. காதுக்குக் கேக்காத அடிச்சத்தம். மூளையில 'அது எப்படி'ன்னு கேக்குற இடம் ஒண்ணு இருக்குல்ல, அதைத் தடவிக் கொடுத்துத் தூங்க வெச்சிடும். நான்தான் கண்டுபிடிச்சேன்."

இவ்வளவு பெரிய ரகசியத்தை இட்லிக்குச் சட்னி ஊற்றுவது போல் சொன்னார்.

"எதுக்குப்பா?"

"மூணாம் பாகத்துல லாஜிக் இல்லன்னு ஊரே கிழிச்சுதுல்ல. கதையைச் சரி பண்ணணும்னா நாலு பேர் உட்கார்ந்து பேசணும். மேடத்துக்கு அது பிடிக்காது. அதனால பாக்குறவங்களைச் சரி பண்ணச் சொன்னாங்க. படம் முடிஞ்சு மூணு மணி நேரத்துல போயிடும்னு கணக்குப் போட்டேன். போகல. அதிகமா கேள்வி கேக்குறவங்களுக்கு அதிகமா ஒட்டிக்குது."

செண்பகத்துக்கு ஏன் இப்படி என்று புரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகாததற்கும் அவரே காரணம் சொன்னார். தூங்குகிறவனுக்கு அந்த இடம் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்குமாம். என் குறட்டையை இனி யாரும் குறை சொல்ல முடியாது.

"இதுக்கு மாற்று இருக்கா?"

"இருக்குண்ணே. அதே அலையைத் தலைகீழாத் திருப்பிப் போட்டா அந்த இடம் முழிச்சுக்கும். வெறும் அலை பத்தாது. அதே நேரத்துல கண்ணு முன்னால ஒரு பெரிய ஓட்டை தெரியணும். தியேட்டர் ஸ்பீக்கர்லதான் வேலை செய்யும், போன்லயெல்லாம் வராது."

"இவ்வளவு நாளா ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலண்ணே."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தினம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருக்கிற மனிதர். எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறார், ஆனால் தானாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஸ்டூடியோ முழுக்க இதே நிலைமைதான்.

"ஐந்தாம் பாகத்தை 'சம்மதம்' இல்லாம எனக்குப் போட்டுக் காட்டு" என்றேன். "சரிண்ணே" என்றார். பல வருஷத்துக்குப் பிறகு முழித்துக்கொண்டே ஒரு படம் பார்த்தேன். இறுதியில் கதாநாயகன் அதிரதன் வில்லன் இருட்டரசனை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு ஓடுகிறான். ஓடுகிறான். உடனே உதவி இயக்குநர்கள் பெயரெல்லாம் மேலே ஏறுகிறது.

"க்ளைமாக்ஸ் எங்கே?"

"இவ்வளவுதாண்ணே."

இயக்குநரைக் கூப்பிடச் சொன்னேன். பூங்கோதை வந்தாள். எனக்கு அவளை நன்றாகத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கதையை முதன்முதலில் எழுதி என்னிடம் காட்டியவளே அவள்தான். ஒரு ஆணி எங்கிருந்து வந்தது என்பதுவரை காரணம் சொல்லும் கதை. நான் அலசிப் பார்த்து, 'இதுல எனக்கு வேலையே இல்லம்மா' என்று எழுந்துவிட்டேன். அதை வாங்கின ஸ்டூடியோ ஒவ்வொரு பாகத்துக்கும் அந்தக் காரணங்களில் சிலவற்றைப் பிடுங்கிப் போட்டது.

"க்ளைமாக்ஸ் எடுக்கலையாம்மா?"

"எடுக்கல சார்."

"ஏன்?"

"மேடம் ஆபீஸ்லேருந்து தினம் ஒரு சீன் பேப்பர் வரும். க்ளைமாக்ஸ் பேப்பர் வரல." புன்னகை மாறவில்லை. "பூசணிக்காய் உடைச்சாச்சு சார்."

சினிமாக்காரர்களுக்கு மட்டுமே இதன் பயங்கரம் விளங்கும். கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்ததும் பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டால், அந்தப் படத்துக்கு மறுபடி கேமரா வைக்கக் கூடாது. வைத்தால் அபசகுனம். கேமராமேன் வர மாட்டார், லைட்மேன் வர மாட்டார், பூசணிக்காய் விற்றவரே வந்து சண்டை போடுவார். சந்திரனுக்கு ராக்கெட் விடுகிற படமானாலும் பூசணிக்காய் பூசணிக்காய்தான். இருநூறு பேர் வேலை செய்கிற இடத்தில் ஒருவருக்கும், 'இன்னும் முடிக்கலையே, ஏன் உடைக்கிறோம்?' என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் மேடத்தைப் பார்க்கப் போனேன்.

மிருணாளினி மேடம் கண்ணாடிச் சுவர் போட்ட அறையில் உட்கார்ந்திருந்தார். காதில் பெரிய பச்சைக் காதடைப்பான், ஞானதீபத்தை வைத்தே செய்துகொண்டது. எதிரே திரையில் படம் இல்லை. சோதனைக் காட்சிக்கு வந்தவர்களின் நாடித்துடிப்பும் 'சம்மதம்' அலையின் அளவும் கோடுகோடாக ஓடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் அடைப்பானைக் கழற்றினார்.

"யார் உள்ளே விட்டது? எதுக்கு வந்தீங்க? எவ்வளவு நேரம் ஆகும்?"

அந்தக் கட்டடத்தில் மூன்று கேள்விகளைச் சேர்ந்தாற்போல் கேட்டதும் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. என் மனைவியைப் பற்றிச் சொன்னேன்.

"சந்தோஷமா இருக்காங்களா?"

"இருக்கா மேடம்."

"சண்டை போடுறாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன குறை? ஆயிரம் பேர் ஒரு இருட்டறையில மூணு மணி நேரம் ஒருத்தரை ஒருத்தர் திட்டாம, போன் பாக்காம உட்கார்ந்திருக்காங்க. வீட்டுக்குப் போயும் நிம்மதியா இருக்காங்க. எந்தக் கோயில்ல இது கிடைக்குது?"

"இடது முட்டியை அறுக்கப் பாத்தாங்க மேடம்."

"அது டாக்டரோட தப்பு."

"உங்க ஆளுங்களும் அப்படித்தான் இருக்காங்க. ஒருத்தருக்கும் கேள்வி இல்ல."

"இந்தக் கட்டடத்துல கேள்வி கேக்க ஒருத்தர் போதும், ஏகாம்பரம் சார். முன்னெல்லாம் நாப்பது பேர் கேப்பாங்க. ஒரு படம் முடிய நாலு வருஷம் ஆச்சு."

அவர் சொன்னதில் முழுப் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம். அந்த நாற்பது பேரில் நானும் ஒருவன். ஒரு சாவிக்காக ஒரு வாரம் போண்டா தின்றிருக்கிறோம்.

"சரி. ஐந்தாம் பாகத்துல க்ளைமாக்ஸ் இல்ல, தெரியுமா மேடம்?"

அவர் கோடுகளைப் பார்த்தார். "திருப்தி உச்சத்துல இருக்கே."

"நீங்க படத்தைப் பாத்தீங்களா?"

"நான் படம் பாக்கறதில்ல. படம் பாக்கறவங்களைப் பாக்கறேன். அவங்க கேக்கல. இல்லன்னா இல்லாமலே போகட்டும்."

விட்டால் அப்படியே வெளியிட்டிருப்பார். நான் மெதுவாகச் சொன்னேன். "ஆறாம் பாகத்துக்குக் கொண்டுபோக ஒரு லீட் வேணுமே மேடம். இருட்டரசன் செத்தானா, பொழைச்சானா? அவனுக்கு அடுத்த படத்துல சம்பளமா, மாலையா?"

மேடம் கோடுகளிலிருந்து பார்வையைத் திருப்பினார். ஆறாம் பாகத்தை அவர் ஏற்கெனவே விற்றுவிட்டார். ஊர் முழுக்க போஸ்டரும் அடித்தாகிவிட்டது.

"பூசணிக்காய் உடைச்சாச்சே" என்றார், முதல் தடவையாகக் குரல் இறங்கி.

"புதுசா எடுக்கத்தானே கூடாது. எடுத்துப் போட்டதை எடுக்கலாம். முதல் பாகத்துலேருந்து வெட்டிப்போட்ட குப்பையை எல்லாம் என்கிட்ட கொடுங்க. எத்தனை முதுகு இருக்குன்னு பாக்கறேன்."

குப்பையில் முதுகுகள் ஏராளமாக இருந்தன. ஞானதீபத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அதிரதன் கடலைப் பார்த்து நிற்கிற முதுகு. இருட்டரசன் பல் தேய்க்கிற முதுகு, ஏதோ நீக்கப்பட்ட நகைச்சுவைக் காட்சியாம். அம்மா வற்றலைத் துழாவுகிற முதுகு. விண்வெளிப் படை முழுவதும் சாப்பாட்டு வரிசையில் நிற்கிற முதுகுகள். வாழ்நாளில் ஒரு முதுகு, இரண்டு முதுகு என்று பிச்சை எடுத்தவனுக்கு ஒரு க்ளைமாக்ஸ் முழுக்க முதுகு. எழுதும்போது எனக்கு முப்பது வயசு குறைந்துபோனது.

அந்த உற்சாகத்தில் ஞானதீபத்தின் காதில் சொன்னேன். "தம்பி, இந்தக் கடைசி ரீலுக்கு மட்டும் 'சம்மதம்' போடாதே. அதைத் தலைகீழாத் திருப்பிப் போடு. மேடத்தோட திரையில அலையோட அளவு தெரியுமா, திசை தெரியுமா?"

"அளவு மட்டும்தாண்ணே தெரியும். சரி, போட்டுடுறேன்."

அவ்வளவுதான். வேலை முடிந்தது. குதிக்கலாம் என்று திரும்பியவன் அவர் முகத்தைப் பார்த்தேன். 'டாக்டர் சொன்னார், சரின்னேன்' என்று சொன்னபோது செண்பகத்தின் முகம் எப்படி இருந்ததோ, அச்சு அசல் அதே முகம். இது தெரிந்தால் அவருடைய வேலை போகும். வழக்கு வரும். வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. 'ஏன்' என்று கேட்க முடியாத ஒரு மனிதரிடம் 'செய்' என்கிறேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவருக்கும் எனக்கும் பிறகு என்ன வித்தியாசம், காதடைப்பான் ஒன்றுதானா?

"தம்பி, முதல்ல உனக்கு மட்டும் போட்டுக் காட்டு" என்றேன்.

அறையில் நாங்கள் இரண்டு பேர். முதுகுகள் திரையில் வந்தன. தரை லேசாக அதிர்ந்தது. ஞானதீபம் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புருவம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இவன் எதுக்குப் பல் தேய்ச்சுக்கிட்டே சாபம் விடுறான்?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. என்ன தேதி, இந்தச் சட்டை யாருது, க்ளைமாக்ஸ் எப்படிக் காணாமப் போச்சு, பூசணிக்காயை எந்த முட்டாள் உடைச்சது. கடைசியாக, "நான் அப்பவே சரின்னு சொல்லிட்டேனே. என்னை ஏன் எழுப்பினீங்க?"

"தூங்கிக்கிட்டே தலையாட்டின. முழிச்சுக்கிட்டும் ஆட்டுறியான்னு பாக்கணும்."

"ஆட்டலன்னா?"

"இந்த ரீலை அழிச்சுட்டு வேற வழி பாப்பேன்."

"அக்காவை மட்டும் நாளைக்கு இங்க கூட்டிட்டு வாங்க. காட்டிட்டுப் போயிடலாம். எதுக்கு ஊர் வம்பு?"

இதை நானும் யோசிக்காமல் இல்லை. "வெள்ளிக்கிழமை அஞ்சாம் பாகம் வருது. அடுத்து ஆறாம் பாகம் வரும். எத்தனை தடவை எழுப்புவ? தவிர, ஊரே தலையாட்டுறப்ப ஒருத்தி மட்டும் கேள்வி கேட்டா அவளைப் பைத்தியம்னுதான் சொல்வாங்க."

ஞானதீபம் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வர மாட்டார் என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்து இரண்டு டீயோடு வந்தார்.

"வீட்டுக்கு போன் பண்ணேன். என் பொண்ணு ரொம்ப நாளா ஸ்கூல்ல நடந்தது எதையும் என்கிட்ட சொல்றதில்ல. வயசாகுது, அதான்னு நெனச்சேன். இப்ப 'இன்னைக்கு என்னம்மா நடந்துச்சு'ன்னு கேட்டேன். அழுதுட்டா." டீயை என் கையில் கொடுத்தார். "நான் செஞ்ச வெனையை நானே திருப்புறேன். நீங்க சொன்னதுக்காக இல்ல."

"அதான் எனக்கும் வேணும்."

க்ளைமாக்ஸ் தாமதமானதால், பிரிவியூ காட்சிக்கு முன்னாலேயே பிரதிகள் எல்லா தியேட்டர்களுக்கும் போய்விட்டன. வழக்கம்போல் படத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்களையும் பிரிவியூவுக்கு அழைத்திருந்தார்கள். நான் செண்பகத்தைக் கூட்டிப்போனேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை நான், தூங்கிவிட்டேன். கடைசி ரீலுக்கு உள்ளே வந்து எழுப்பச் சொல்லி, வெளியே நின்ற ஞானதீபத்திடம் சொல்லிவைத்திருந்தேன். அவர் சரியாகத் தோளைத் தட்டினார்.

அதிரதன் ஓடினான். ஓடினான். பிறகு முதுகானான்.

'நீ ஜெயிச்சுட்ட அதிரதா' என்றது பல் தேய்க்கும் முதுகு.

'தெரியும்' என்றது கடலைப் பார்க்கும் முதுகு.

'சூரியனை எங்கப்பா வெச்ச?' என்றது வற்றல் துழாவும் முதுகு.

'எடுத்த எடத்துலயே வெச்சுட்டேம்மா.'

படை வீரர்கள் வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டைப் பிடித்துக்கொண்டு, ஜெயகோஷம் போட்டார்கள். தரை அதிர்ந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் திரை வெளிச்சம் விழுந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் புன்னகைத்துக்கொண்டே இருந்தாள். படையின் கடைசி முதுகும் கத்தி முடித்தது.

அப்போது செண்பகம் என் முழங்கையை இடித்தாள்.

"ஏங்க, இவங்கல்லாம் எதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நிக்கிறாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையில் யாரோ, "அவன் எதுக்குய்யா பல் தேய்க்கிறான்?" என்றார்கள். இன்னொருவர், "சூரியனைக் கயித்துல எப்படிடா கட்டுனாங்க, கயிறு எரியாதா?" என்றார். மூலையிலிருந்து நான் நாற்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு வெறுத்த அந்தச் சங்கீதம் எழுந்தது. "லாஜிக் இடிக்குதே மச்சான்." அரங்கமே சந்தைக்கடை ஆனது. அதற்கு ஈடான கச்சேரியை எந்த சபாவிலும் நான் கேட்டதில்லை.

முன்வரிசையில் பூங்கோதை எழுந்து நின்றாள். திரையில் 'இயக்கம்' என்று அவள் பெயர் ஏறிக்கொண்டிருந்தது. "இதை யார் எடுத்தா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் மெதுவாகத் திரும்பி, அரங்கத்தின் பின்பக்கக் கண்ணாடி அறைக்குள் காதடைப்பானோடு உட்கார்ந்திருந்த மேடத்தைப் பார்த்து நடந்தாள். ஏதோ கேட்டாள். மேடம் காதடைப்பானைக் கழற்ற வேண்டியிருந்தது.

"க்ளைமாக்ஸ் பேப்பர் எனக்கு ஏன் வரல, மேடம்? முதல் பாகத்துலேருந்து ஒவ்வொண்ணா கேக்கறேன். உக்காருங்க."

மேடம் அவள் பின்னால் போய் நின்ற என்னைப் பார்த்தார். "என்ன பண்ணீங்க?"

"க்ளைமாக்ஸ் எழுதினேன் மேடம். நல்லா வரல. எல்லாரும் கேள்வி கேக்கறாங்க."

மறுநாள் காலை ஆறு மணிக் காட்சிக்கு ஊர் முழுக்க டிக்கெட் விற்றுத் தீர்ந்திருந்தது; போன பிரதிகளைத் திருப்பி வாங்க நேரமில்லை. மேடம் தன் திரையில் தாறுமாறாக எகிறிக்கொண்டிருந்த கோடுகளைப் பார்த்தார். அவர் கேட்பதற்கு அதற்குமேல் கேள்வி எதுவும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன்.

வெளியே ஆட்டோ பிடித்தோம். செண்பகம் ஓட்டுநரிடம் எந்த வழி, ஏன் அந்த வழி, போரூர் பாலத்தில் என்ன வேலை நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். மூன்று வாரத்து நிலுவையும் ஒன்றாக வந்தது. சட்டைப்பையில் எண்ணெய்க் கறை எப்படி வந்தது. தாம்பரத்துக்கு எதுக்குப் போனோம். இடது முட்டின்னு சொன்ன அந்த டாக்டர் எங்கே படிச்சார். சாப்பிட்டீங்களா.

"இல்ல" என்றேன். இந்த ஒற்றைச் சொல்லை இவ்வளவு ருசித்து நான் சொன்னதே இல்லை.

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். எனக்குத் தெரியும், பெரிய கேள்விக்கு முன்னால் அவள் அப்படித்தான் மூச்சு விடுவாள்.

"நான் எதுவுமே கேக்காம இருந்தேனே முதல் வாரம். அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு? நிம்மதியா இருந்துச்சா?"

நான் ஆட்டோவுக்கு வெளியே, சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

"சேச்சே, தவிச்சுப் போயிட்டேன்" என்றேன்.

"முதுகக் காட்டாதீங்க" என்றாள் செண்பகவல்லி. "திரும்பிச் சொல்லுங்க."